இடது பக்கத்து லீவர்

மகனே,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மண்டபம், புடவை, யார் யாருக்குப் பத்திரிகை வைப்பது என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் இடமில்லாத இடத்தில் நெருக்கி ஒரு வரி எழுதியிருந்தாய். ‘மாமா சொன்ன அந்தக் கார் யோசனை வேண்டாம் அம்மா.’ நாகர்கோவிலில் தாலி கட்டி முடிந்ததும் நீயும் பெண்ணும் மண்டபத்திலிருந்து நம்முடைய பழைய காரில் வர வேண்டும் என்பது மாமாவின் ஆசை. கரமனையிலிருந்து நாகர்கோவில் வரை நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்று அவனிடம் ஒப்புக்கொண்டும் இருந்தேன். வேண்டாம் என்பதற்கு நீ காரணம் எழுதவில்லை. காரணம் எனக்குத் தெரியும். நீ நினைத்துக்கொண்டிருக்கும் காரணம் தப்பு என்பதும் தெரியும். பதினாலு வருஷமாக அதை உன்னிடம் சொல்லாமல் இருந்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை ஆபீசில் வைத்துப் படிக்காதே. அறைக்குப் போய், சாப்பிட்டுவிட்டுப் படி.

அந்தக் கார் வந்தபோது உனக்கு ஒன்பது வயது. பொன்முடிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்த வெள்ளைக்கார மானேஜர் ஒருவர் ஊருக்குத் திரும்பியபோது ஷெட்டில் விட்டுப்போனது. முப்பதுகளில் செய்த சின்ன வண்டி. துணிக்கூரை, கம்பிச் சக்கரங்கள். பின் சீட்டில் கோழி அடைகாத்திருந்தது. லாரியிலிருந்து அதை இறக்கியபோது அப்பாவின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் எங்கள் கல்யாணத்தன்று கூடப் பார்த்ததில்லை. “இது எதுக்கு?” என்று கேட்டேன். “ஓடும், கேட்டியா. பாத்துக்கிட்டே இரு” என்றார். ஓடுவதற்கு ஒன்றரை வருஷம் பிடித்தது. அப்பா சர்க்கார் ஆபீசில் டிராப்ட்ஸ்மேன். வாரத்தில் ஆறு நாள் பாலமும் மதகும் வரைவார். ஞாயிற்றுக்கிழமை காருக்கு இல்லாத உறுப்புகளை வரைவார். அந்த வண்டிக்கு ஸ்பேர் எங்கேயும் கிடைக்காது. தேய்ந்துபோன பழைய உறுப்பை அளந்து, காகிதத்தில் வரைந்து, லேத் பட்டறையில் கொடுத்துக் கடைந்து வாங்கிக்கொண்டு வருவார். அதன் நட்டுகளுக்கு நம் ஊர் ஸ்பானர் எதுவும் சேராது என்று சாலைக் கடைத்தெருவில் மாமாவின் இரும்புக் கடையில் மணிக்கணக்காகக் குடைந்துகொண்டிருப்பார். என் பழைய தோல் செருப்பை வெட்டி வாஷர் செய்திருக்கிறார். கார்புரேட்டரைக் கழற்றி நான் ரசம் வைக்கும் பாத்திரத்தில் பெட்ரோல் ஊற்றிக் கழுவியதற்காக நான் இரண்டு நாள் பேசாமல் இருந்தது உனக்கு நினைவிருக்கும்.

நீ அவருடைய வலது கையாக இருந்தாய். பிளக்கை உப்புத்தாளால் தேய்ப்பது, ஸ்பிரிங்குக்கு கிரீஸ் வைப்பது, டயர் ட்யூபை வாளித் தண்ணீரில் அமுக்கிக் காற்றுக் குமிழி பார்ப்பது எல்லாம் உனக்குப் பன்னிரண்டு வயதுக்குள் அத்துப்படி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு விழிஞ்ஞத்துக்குப் போவோம். கடற்கரையில் வண்டியை நிறுத்தினால் வலை உலர்த்துகிறவர்கள் வந்து சுற்றி நிற்பார்கள். அப்பா பானெட்டைத் திறந்து காட்டுவார். நீ ஒவ்வொன்றின் பேரையும் மலையாளத்தில் சொல்லி விளக்குவாய். அவர்கள் உன்னைத்தான் கேட்பார்கள், அப்பாவை அல்ல. அவருக்கு அதில் பெருமை. உன்னை இஞ்சினீயரிங்கில் சேர்க்க வேண்டும் என்று அந்தக் கடற்கரையில் நின்றுதான் முதலில் சொன்னார்.

ஸ்டியரிங் சக்கரத்தின் நடுவில் இரண்டு சின்ன லீவர்கள் உண்டு. உனக்குத் தெரியாததல்ல, ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். வலது பக்கத்து லீவர் பெட்ரோலுக்கு. இடது பக்கத்து லீவர் இஞ்சினில் தீப்பொறி விழும் நேரத்துக்கு. அதை மேலே தள்ளினால் பொறி தாமதமாக விழும், கீழே இறக்கினால் முந்தி விழும். முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுற்றிக் கிளப்பும்போது இடது லீவர் மேலேதான் இருக்க வேண்டும். கீழே இருந்தால் இஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கும், கைப்பிடி சுற்றுகிறவன் கையை அடிக்கும். அப்பா உனக்கு முதன்முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். எனக்கும் சொல்லிக்கொடுத்தார். நான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

நீ எஸ்.எஸ்.எல்.சி. படித்த வருஷம், தக்கலையில் அப்பாவின் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். காலையில் எல்லோரும் காரிலேயே போவதாக ஏற்பாடு. மாமா சாலைக் கடைத்தெருவிலிருந்து வந்திருந்தான். பக்கத்து வீட்டுச் சாரதச் சேச்சி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என் புடவையைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நீ டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து இடது லீவரை மேலே தள்ளி வைத்தாய். நான் பார்த்தேன். அப்பா முன்னால் நின்று, “லே, ரேடியேட்டர்ல தண்ணி கொறைவா இருக்கு. கிணத்தடியில இருந்து ஒரு செம்பு கொண்டா” என்றார். நீ இறங்கிப் போனாய். “நீ கொஞ்சம் ஏறி இரி. அந்தப் பெட்ரோல் லீவரக் கொஞ்சம் கீழ இறக்கு” என்று என்னிடம் சொன்னார். நான் ஏறி உட்கார்ந்தேன். கீழே இறக்கினேன். நான் இறக்கியது இடது பக்கத்து லீவரை.

நீ தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தாய். நான் பக்கத்துச் சீட்டுக்கு நகர்ந்தேன். லீவரை முன்பே சரியாக வைத்துவிட்டோம் என்பதால் நீ மறுபடி பார்க்கவில்லை. அப்பா எப்போதும் தானே ஒரு தடவை வந்து பார்ப்பார். அன்றைக்கு முகூர்த்தத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. “ரெடியால?” என்றார். “ரெடிப்பா” என்றாய். கைப்பிடி திரும்பி அடித்தது. கதவுத் தாழ் விழுந்த மாதிரி ஒரு சத்தம். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. மாமா ஓடி வந்து காருக்குள் எட்டிப் பார்த்து, “லீவர் கீழ கெடக்கு அத்தான்” என்றான். அப்பா எழுந்தார். “எங்கல வச்ச லீவர? எங்கல வச்ச?” என்று கேட்டுக்கொண்டே இடது கையால் உன் கன்னத்தில் அடித்தார். அதுவரை உன்னை அவர் ஒரு தடவை கூட அடித்ததில்லை. “மேலதாம்ப்பா வச்சேன்” என்றாய். நான் உன் பக்கத்தில், ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. திறக்கவில்லை. உடம்பு மரத்துப்போயிருந்தது. பயம் என்று கூடச் சொல்ல முடியாது. புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். நாலைந்து நாள் கழித்து, ஒரு மத்தியானம், நான் அப்பாவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது அவர் உன்னைக் கூப்பிட்டார். கோபம் அடங்கியிருந்தது. “மக்கா, நெசத்தச் சொல்லு. லீவர எங்க வச்ச?” என்று நிதானமாகவே கேட்டார். “மேலதாம்ப்பா.” மறுபடி கேட்டார். “மேலதாம்ப்பா.” மூன்றாம் தடவையும் அதையே சொன்னாய். நாலாம் தடவை கேட்டபோது நீ என்னைப் பார்த்தாய். எதற்குப் பார்த்தாய் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, “மறந்திட்டேன் போலுக்கு. நான்தாம்ப்பா” என்றாய். அப்பா, “செரி, போட்டு” என்று விட்டுவிட்டார். நான் கஞ்சியில் உப்புப் போட்டேன். முன்பே போட்டிருந்தேன். அவர் அதை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

எலும்பு சேர்ந்துவிட்டது. ஆனால் மணிக்கட்டு பழையபடி திரும்பவில்லை. அவரால் கோடு இழுக்க முடியவில்லை. ஆபீசில் வரைபலகையிலிருந்து மாற்றி, தபால் வாங்கும் மேஜையில் உட்கார வைத்தார்கள். ரிட்டையர் ஆகும்வரை அங்கேதான் இருந்தார். நீ காரின் பக்கம் போகவில்லை. இஞ்சினீயரிங் வேண்டாம், பி.காம். போதும் என்றாய். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பம்பாய்க்குப் போனாய். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளும்படி ஆபீசில் சொன்னபோது, முடியாது என்று சொல்லிவிட்டதாக எழுதினாய். நான் அந்தக் கடிதத்தை மடித்து மற்றக் கடிதங்களோடு வைத்தேன்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதை நீ எப்படி எடுத்துக்கொண்டாய் என்று தெரியாது. பிராயச்சித்தம் என்று நினைத்துவிடாதே. அப்படி ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. எட்டு மாசம் கார் தார்ப்பாய்க்குள் கிடந்தது. ஒருநாள் அப்பா, “இப்படிக் கெடந்தா அதுக்க இஞ்சின் பிடிச்சுப் போவும். ஞாயித்துக்கிழம ஒரு மட்டம் சுத்தி விடணும்” என்றார், யாரிடமோ சொல்வதுபோல. வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். கைப்பிடியை எடுத்தேன். அவர் தள்ளி நின்று சொல்லிக்கொடுத்தார். “கட்டவெரல மத்த வெரலோட சேத்து வையி. சுத்திப் பிடிக்காண்டாம். மேல இழு, கீழ அமுக்காத.” மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. நாலாவது ஞாயிற்றுக்கிழமை கிளம்பியது. அதன் பிறகு அவர் பக்கத்தில் உட்கார, நான் ஓட்டினேன். கரமனைச் சந்திப்பில் பஸ்ஸுக்கு நிற்கிற ஆபீஸ் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பொறி போடும் பாயின்டைத் தேய்த்து இடைவெளி வைப்பது, பிரேக் கம்பியை முறுக்குவது, மழைக்காலத்துக்கு முன் கூரைத் துணிக்கு மெழுகு தேய்ப்பது எல்லாம் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். மற்ற எதிலும் எனக்கு ருசி போய்விட்டிருந்தது. வீட்டு வேலை நடந்தது, பண்டிகை வந்தது, போனது. அந்த இஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொள்ளும்போது மட்டும் நெஞ்சில் ஏதோ அசையும். அது உனக்குக் கேட்க நன்றாக இருக்காது. ஆனால் உள்ளதை எழுதத் தொடங்கிவிட்டேன்.

நீ பம்பாய்க்குப் போன வருஷம் நானும் அப்பாவும் பொன்முடிக்குப் போனோம். கல்லாற்றில் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. வண்டியை ஓரம் நிறுத்தி, ஆறட்டும் என்று டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தோம். அப்போது சொன்னேன். “அன்னைக்கு லீவர இறக்கினது நான். அவன் இல்ல.” அவர் டீயைக் குடித்து முடித்தார். “தெரியும்” என்றார். “நான் முன்னாலதான நின்னேன். உனக்க கை போனதக் கண்டேன். எந்த லீவருன்னு அப்பம் கவனிக்கல்ல. கட்டுப் பிரிச்ச பொறவு யோசிச்சுப் பாத்தேன்.” அப்படியானால் பையனிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீ சொல்லுவன்னு இருந்தேன்” என்றார். கிளாசைக் கீழே வைத்துவிட்டு, “அவன அடிச்சது நான். அவன் நெசத்தச் சொல்லச் சொல்ல, பொய்யச் சொல்ல வச்சதும் நான். எந்த மொகத்த வச்சுக்கிட்டுச் சொல்ல?” என்றார். ஊருக்குப் போனதும் இரண்டு பேரும் சேர்ந்து உனக்கு எழுதுவது என்று முடிவு செய்தோம். ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி, வண்டியைக் கிளப்பி வீட்டுக்கு வந்தோம். எழுதவில்லை. அவர் எழுதுவார் என்று நான் இருந்தேன். நான் எழுதுவேன் என்று அவர் இருந்திருப்பார். அப்படியே ஐந்து வருஷம் போய்விட்டது. அப்புறம் அவர் போய்விட்டார்.

அப்பா இறந்து ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வீடு நிறைய ஆட்கள். நான் பின்பக்கம் போய்க் காரைக் கிளப்பிக் கால் மணி நேரம் ஓடவிட்டேன். கையில் கிரீசோடு உள்ளே வந்தபோது நீ அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாய். என் கையைப் பார்த்தாய். திரும்பிப் போய்விட்டாய். அம்மாவுக்கு இந்தக் கார் போதும் என்று நினைத்திருப்பாய். நான் அழவில்லை என்று பேசினவர்களில் உன் அத்தைகளும் உண்டு. அழுகை வராததற்குக் காரணம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வெகுநாள் கட்டிக் கிடந்த கால் மாதிரி, குத்தினாலும் தெரியாமல் இருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் நான் கண்டதை மட்டும் சொல்கிறேன். ஒரு தப்பைச் சொல்வதற்குச் சுலபமான நேரம் அது நடந்த அந்த நிமிஷம்தான். அன்று சாயங்காலம் அதைவிடக் கஷ்டம். மறுநாள் இன்னும் கஷ்டம். ஒரு வருஷம் போனால், அது நீ செய்த தப்பாக இருக்காது. நீ இருக்கிற விதமாக ஆகிவிடும். உன் மனைவி ஏதாவது செய்துவிட்டு வாயடைத்து நின்றால், நீயே பக்கத்தில் போய்க் கேள். அவள் சொல்லுவாள் என்று எதிர்முகமாக உட்கார்ந்திருக்காதே. அப்பாவும் நானும் ஒருவரை ஒருவர் மதித்து, குரல் உயர்த்தாமல், இப்படி எதிர்முகமாகவே உட்கார்ந்திருந்தோம். பார்க்கிறவர்களுக்கு நல்ல தம்பதி. நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்து, அது ஒன்றை மூன்று தடவை சொன்னால், நாலாம் தடவை கேட்காதே.

உனக்கு எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. அப்பா உன்னை நாலு பேர் முன்னால் வைத்துத்தான் அடித்தார். அதனால் வெள்ளிக்கிழமை சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். மாமா கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தான். ஆள் போகட்டும் என்று காத்திருந்து சொன்னேன். அவன் முதலில், “இப்பம் எதுக்குக்கா இது? அத்தானும் போயாச்சு. கல்யாணம் வச்சிருக்கற வீடு” என்றான். “லீவர் கீழ கெடக்குன்னு எட்டிப் பாத்துச் சொன்னது நீ. அதனால உங்கிட்ட சொல்லணும்” என்றேன். “நான் கண்டதத்தானே சொன்னேன்?” என்றான். “கண்டது செரிதான். இறக்கினது நான்.” அவன் தராசை அப்படியே விட்டுவிட்டு முக்காலியில் உட்கார்ந்தான். “அந்தப் பயலுக்குக் கையொடிச்சான்னு பேரு வச்சது நான் அக்கா. போன மாசம் பத்திரிகை விஷயமா டிரங்க் கால் போட்டப்பவும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவன் சிரிச்சான்” என்றான். நான் பஸ் ஏறி வந்துவிட்டேன். அவன் உனக்குத் தனியாக எழுதுவான் என்று நினைக்கிறேன். எழுதாவிட்டால் அவனைக் குறை சொல்லாதே.

சாரதச் சேச்சியிடம் நேற்று சொன்னேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னாள். “அன்னு வைகிட்டு நிங்கள் ஆஸ்பத்ரியில் அல்லே? மோன் இவிடெ வந்நு, அடுக்களப் படியில் இருந்நு. ஞான் சோறு எடுத்து வச்சு, கழிச்சில்ல.” அன்று சாயங்காலம் நீ அவள் வீட்டு அடுக்களைப் படியில் போய் உட்கார்ந்தாயாம், சோறு வைத்தும் சாப்பிடவில்லையாம். நீ கையைத் தலைக்கு மேலே தூக்கி அவளிடம் காட்டினாயாம். “சேச்சி, இது மேலே அல்லே?” என்று கேட்டாயாம். “அதெ மோனே, அது மேலே” என்று அவள் சொன்னாளாம். பிறகு கையைக் கீழே இறக்கி, “இது தாழெ அல்லே?” என்றாயாம். பையனுக்குப் பயத்தில் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்து அவள் உன் நெற்றியில் திருநீறு பூசி அனுப்பினாளாம். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு மேல் எது, கீழ் எது என்று பக்கத்து வீட்டில் போய்க் கேட்க வேண்டி வந்திருக்கிறது. நான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். விளக்குப் போடவில்லை. இந்தக் கடிதத்தை அதற்குப் பிறகுதான் எழுத ஆரம்பித்தேன்.

காரை விற்றுவிடு என்று நீ முன்பு இரண்டு தடவை எழுதியிருக்கிறாய். விற்க மாட்டேன். அதன்மேல் ஒரு தப்பும் இல்லை, எனக்கு அது வேண்டும். ஆனால் உன் கல்யாணத்துக்கு அது வராது. மன்னித்துவிடு என்று எழுத இரண்டு தடவை பேனாவை எடுத்தேன். கேட்டால் நீ உடனே சரி என்று சொல்லிவிடுவாய். நாலாம் தடவைக்கு முன்பே ஒப்புக்கொள்கிற பழக்கம் உனக்கு வந்துவிட்டது, அதைக் கொடுத்தவள் நான். அதனால் கேட்கவில்லை. உனக்குக் கோபம் வந்தால் கோபத்தை எழுது. எத்தனை பக்கமானாலும் எழுது. படிப்பேன்.

கல்யாணத்துக்கு நான் வர வேண்டுமா, வேண்டாமா என்பதை மட்டும் தெளிவாக ஒரு வரி போடு. வரலாம் என்றால் முந்தின நாள் பஸ்ஸில் வந்துவிடுவேன். வேண்டாம் என்றால் மாமாவும் மாமியும் தாய் தகப்பன் ஸ்தானத்தில் நின்று நடத்துவார்கள். “அக்காளுக்கு ஒடம்புக்கு முடியல்லன்னு சொல்லிக்கிடலாம்” என்றான் மாமா, அன்று நான் கடையிலிருந்து கிளம்பும்போது. அப்படிச் சொல்லக் கூடாது என்றேன். மாப்பிள்ளைக்கு அம்மா ஏன் வரவில்லை என்று மண்டபத்தில் யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

அம்மா